கணக்கு உதைக்கும் மாதங்கள்

வண்டி ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்.
பகல் எனக்கு, இரவு சுல்தெமுக்கு.
யோக்கோஹாமாவில் யாரோ பத்து வருஷம் ஓட்டிக் கழித்த ஹைபிரிட்.
ஆளுக்குப் பாதி போட்டு
உலான்பாதர் சந்தையில் வாங்கினோம்.
பொத்தானை அழுத்தியதும்
ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் என்னவோ சொல்லும்.
எங்களுக்கு அது வணக்கம்.

கதவுப் பையில் நீல அட்டை நோட்டு.
எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர்,
நூற்றுக்கு எவ்வளவு.
மாவு ஆலையில் பதினோரு வருஷம் கணக்கெழுதிய கை இது,
தசமப் புள்ளியை விடாது.

ஜூனில் நாலு புள்ளி நாலு.
ஜூலையில் ஏசி போட்டும் நாலு புள்ளி ஏழு.
அப்போதெல்லாம் சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்து
தூல் ஆற்றுப் பக்கத்துப் பாப்லர் இலைகளின் சலசலப்பு கேட்கும்.
நெரிசலில் வெறும் பாட்டரியில் ஊர்ந்து போவேன்,
டிக்கெட் எடுக்காமல் சினிமா பார்க்கிறவள் மாதிரி.

அக்டோபரில் ஐந்தரை.
நவம்பரில்
கணக்கு உதைத்தது.
எனக்கு ஆறு. அவனுக்கு ஏழு புள்ளி ஆறு.
அதே வண்டி, அதே பங்க், ஏறக்குறைய அதே தூரம்.
ஒன்றரை லிட்டர் எந்தக் கேனுக்குள் போகிறது?
நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
மறுநாள் அதன் பக்கத்தில்
கறுப்பாய் ஒரு விரல் அடையாளம்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
சாவி கைமாறியது,
முகம் பார்க்காமல்.

டிசம்பரில் அவனுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது.
இரவு வண்டி என்னிடம் வந்தது.
மைனஸ் முப்பத்துநாலு.
நிலக்கரிப் புகைக்குள் தெருவிளக்குகள்
உடைந்த முட்டைக் கருபோல் வழிந்தன.
அவள் வணக்கம் சொன்னாள், எஞ்சின் விழித்தது.
விழித்தது விழித்ததுதான்.
சிவப்பு விளக்கில் அணையவில்லை.
இறக்கத்தில் அணையவில்லை.
மகப்பேறு மருத்துவமனை வாசலில்
சவாரிக்குக் காத்திருந்த அரைமணி நேரமும்
ஓர் அடி நகராமல்
தன் பெட்ரோலைத் தானே எரித்துக்
குளிர் காய்ந்தது வண்டி.

பிரேக் தருகிற மின்சாரத்தை
வாங்கிக்கொள்ளவும் முடியாமல்
பாட்டரி விரல்களை மடக்கிக்கொண்டது.
டயர்களில் காற்று சுருங்கிச்
சாலை கனத்தது.
சவாரிகளோ ஒரு கிலோமீட்டர், ஒன்றரை:
எஞ்சின் சூடேறுவதற்குள் இறங்கிவிடுகிறவர்கள்.
ராத்திரியில் அவர்கள்தான் வருவார்கள்.

எனக்குப் பாதம் மரத்தது.
ஹீட்டரைப் பார்த்தேன்,
அவன் வைத்த இடத்திலேயே நின்றது, ஆகக் குறைந்த எண்ணில்.
இருக்கைக்கடியில் அவனுடைய இரண்டாவது ஜோடி காலுறை.

விடியுமுன் பானெட்டைத் திறந்தேன்.
எஞ்சின்மேல் கம்பளிப் போர்வை.
ரேடியேட்டர் முன்னால்
ஆப்பிள் ஜூஸ் அட்டைப்பெட்டியை
அளவெடுத்து வெட்டிச் செருகியிருந்தான்.
வெட்டு நூல் பிடித்தமாதிரி நேர்.
காற்றுக்கென்று மேலே இரண்டு விரல் இடைவெளி.
என்னுடைய ஆறு லிட்டர்
ஆறாக இருந்தது
இந்த அட்டையாலும்தான்.

அந்த இரவின் கணக்கை எழுதினேன்:
ஏழு புள்ளி ஒன்பது.
அவனைவிட முக்கால் கோப்பை அதிகம் குடித்திருக்கிறேன்
என்று ஒரு கணம் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
கேள்விக்குறி பேனாவில் போட்டது, அழியாது.
ஸ்கேல் வைத்துப் பக்கத்தில் புதிதாய் ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு: குளிர் எவ்வளவு.
வீக்கம் வடிந்து திரும்பியவன்
எதுவும் பேசாமல்
அன்றிலிருந்து அதை நிரப்பினான்.
மைனஸ் இருபத்தொன்பது. மைனஸ் முப்பத்தொன்று.
ஒருநாள் மட்டும்: ‘தெரியவில்லை, கண்ணாடியில் பனி.’

ஏப்ரல் கடைசியில்
அவனை வீட்டில் விடப் போகும் வழியில்
பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது.
எஞ்சின் அணைந்தது.
இருவரும் பேச்சை நிறுத்தினோம்.
யாரோ ஒரு பையன் தூரத்தில் டயரை எத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘அஞ்சு புள்ளி எட்டு வரும்’ என்றேன்.
‘அஞ்சு புள்ளி ஆறு’ என்றான்.
பச்சை விழுந்தும்
சத்தமில்லாமல் நகர்ந்தோம்.