மெஷினை நிறுத்திய பிறகும்

முத்தோரை பாலாடாவில்
கேரட் கழுவும் கொட்டகைக்கு
நடுக்கம் ஒன்றும் புதிதில்லை.
நள்ளிரவில் மெஷினைப் போட்டால்
விடியும்வரை தரை அதிரும், பல் அதிரும்,
டீ கிளாஸில் ஆடை சுருங்கிச் சுருங்கி விரியும்.
வீட்டில் வந்து படுத்த பிறகும்
கட்டில் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

அதனால் அன்று
இரண்டே முக்காலுக்கு வந்ததை
யாரும் கண்டுகொள்ளவில்லை.
மரியபுஷ்பம்தான் சொன்னாள்,
பேரிங் போயிடுச்சு போல, சத்தம் வேற மாதிரி இருக்கு.
போஜன் கணக்கு நோட்டை மூடிவிட்டு
எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

டிரம் நின்றது.
தண்ணீர் நின்றது.
தரை நிற்கவில்லை.

தகரக் கூரை தன்னாலே பேசியது.
ட்யூப்லைட் சங்கிலியில் ஊசலாட
எங்கள் நிழல்கள் எங்களை விட்டுவிட்டு
சுவரில் ஏறி இறங்கின.
ஓடத்தான் தோன்றியது. காலுக்கு வேறென்ன தெரியும்?
வாசலில் ஆளுயர மூட்டை அடுக்கு.
தாண்டினால் மின்கம்பம்.
அதையும் தாண்டினால்
ஜேசிபி செங்குத்தாய்ச் சீவிப்போட்ட மண்கரை.

போன ஆடியில் பஞ்சாயத்துக் கட்டடத்தில்
தீயணைப்பு நிலையத்துக்காரர் ஒருவர் வந்து பேசினார்.
நான் போனது பன்னுக்காக.
பன்னில் திராட்சை இருந்தது நினைவிருக்கிறது,
அவர் பெயர் நினைவில்லை.
அவ்வளவு பெரிய உடம்போடு மேஜைக்கடியில் நுழைந்து
அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு
"மேஜை நகந்தா நீங்களும் கூடவே நகரணும்" என்றார்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
அந்தச் சிரிப்புதான்
இப்போது என் கையைப் பிடித்து இழுத்தது.

ஓடாதே, குனி, என்று கத்தினேன்.
முதலாளியையும் சேர்த்துத்தான் 'நீ' போட்டுவிட்டேன்.

கொட்டகையில் ஒரே ஒரு மேஜை. போஜனுடையது, இரும்பு.
கூலிக்காக அதன் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன்,
அடியை அன்றுதான் பார்த்தேன்.
ஒற்றைச் செருப்பு, காய்ந்த சூயிங்கம்,
என்றைக்கோ தொலைந்ததாய்ச் சொன்ன ரசீதுக் கட்டு.
ஈர பூட்ஸும் சேற்று முழங்காலுமாய்
நானும் மரியபுஷ்பமும் நுழைந்தோம்.
கடைசியாய் வந்த போஜனுக்குத் தலையும் கழுத்தும்தான் உள்ளே.
அது போதும் என்றேன்.
மூன்று வாரக் கூலி பாக்கி வைத்தவர்
என் தோளைப் பிடித்திருந்தார்.
நான் மேஜைக் காலை.

எவ்வளவு நேரம்?
போஜன் பதினைந்து விநாடி என்பார்.
செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும்
சொல்லி முடித்தேன் என்பாள் மரியபுஷ்பம். பொய்.
அடுக்கிலிருந்து நான்கு மூட்டைகள் சரிந்தன,
ஓடியிருந்தால் நான் போய் நின்றிருக்கும் இடத்தில்.
இதை யாரிடமும் பெரிதாய்ச் சொல்வதில்லை.
ஒரு மூட்டை எண்பது கிலோ,
அதை மட்டும் சொல்வேன்.

ஆட்டம் அடங்கியதும் டீ அடுப்பின் சிலிண்டரை மூடினேன்.
லாரியில் தூங்கிக்கொண்டிருந்த அல்போன்ஸ்
இறங்கி வந்து பீடியை எடுத்தார்.
தீக்குச்சி வேண்டாம் என்றேன்.
பற்றவைக்காத பீடியை உதட்டில் வைத்தபடி
விடியும்வரை நின்றார் மனிதர்.

கரையோரம் வேண்டாம், கம்பிக்குக் கீழே வேண்டாம்,
தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் வேண்டாம்.
மிச்சமிருந்தது உருளைக்கிழங்குத் தோட்டத்தின் நடு.
உறைபனியில் ஈரக்காலோடு அங்கே நின்றோம்.
மூன்று இருபதுக்கு இன்னொன்று வந்தது, சின்னதாய்,
ஈயை விரட்ட மாடு
தோலை மட்டும் சிலிர்ப்பதுபோல.
எதிர் மலையில் ஒவ்வொரு வீடாய் விளக்கு எரிந்தது.

மேட்டுப்பாளையம் லோடு தாமதம்.
போஜன் நோட்டில் எழுதினார்:
நில அதிர்வு, ஒன்றே முக்கால் மணி நேரம்.
அதற்குக் கூலி பிடித்தாரா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் வீட்டில்
பீரோவைச் சுவர் ஆணியோடு சேர்த்து
மூட்டை கட்டும் மஞ்சள் கயிற்றால் கட்டினேன்.
ஆணி போதாது, ஸ்க்ரூ போடணும் என்று
சிரித்தபடியே ட்ரில்லர் வாங்கி வந்தார் வீட்டுக்காரர்.
கட்டிலைக் கண்ணாடி ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டோம்.

இப்போதெல்லாம் கொட்டகையில்
மணிக்கொரு தரம் யாராவது எழுந்துபோய்
மெஷினை நிறுத்துகிறோம்.
போஜன் ஏன் என்று கேட்பதில்லை, நிமிர்ந்து பார்ப்பதோடு சரி.
கை சொட்டச் சொட்ட
ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறோம்,
தரையும் நின்றிருக்கிறதா என்று பார்க்க.