பல்லைக் கடிக்காதீர்கள்

வின்னிபெக். பெப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
இரவு வேலை முடிந்த சப்பாத்தோடு
காலை எட்டரைக்கு இந்தக் கதிரையில் இருக்கிறேன்.
அறுபத்துநாலு ஓட்டைகள் கொண்ட தொப்பி.
ஒவ்வோர் ஓட்டையிலும் முடியை விலக்கி
ஹெய்டி பென்னர் குளிர்ந்த பசையை இறக்குகிறாள்.
"ஊசி மாதிரித் தெரியும். குத்தாது. பயப்படாதீர்கள்."
பத்தொன்பது வருஷமாக நான் சொல்லிவரும் வசனம்.
என்னுடையது குத்தும்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து
நாற்பது பேரின் மூளையை அளக்கிறார்களாம்,
வேலை அதில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க.
ரோவெனா வரமாட்டேன் என்றுவிட்டாள்.
"எனக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை, அவர்கள் ஏமாந்துபோவார்கள்."

முதலில் கேள்வித்தாள்.
கடந்த முப்பது நாட்களில் எத்தனை தடவை
எதுவும் உங்கள் கையில் இல்லை என்று உணர்ந்தீர்கள்?
ஒருபோதுமில்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்.

பதினோராம் கட்டில்.
வீங்கிய விரலில் இறுகிய மோதிரத்தை
சவர்க்காரம் போட்டு, நூல் சுற்றி,
விரல் குளிர்வதற்குள் கழற்றினேன்.
பெயர் எழுதிய சிறு பையில் போட்டு
புருஷனிடம் கொடுத்தபோது அவர் கேட்டார்:
"கழற்றும்போது அவளுக்கு நொந்ததா?"
என்றைக்கு அது?
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தோராவது நாள்.
சிலவேளை என்று குறித்தேன்.

அடுத்தது சத்தங்கள்.
காதுக்குள் ஒரே மாதிரி டொக், டொக், டொக்,
நடுவில் எப்போதாவது ஒரு கீச்சு.
ஒன்றும் செய்யத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.
ஆனால் அந்தக் கீச்சு
மருந்து முடிந்த பம்பின் அதே சுருதி.
மூன்றாவது கீச்சில் எழும்பிவிட்டேன்,
அறுபத்துநாலு வயரும் கூடவே எழும்பின.

மறுபடி பூட்டினாள்.
திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின.
என் தலையெழுத்து, கடைசியில்,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
இடையில் ஓரிடம் கறுத்துத் தடித்து
அடைமழை மாதிரி.
"பல்லைக் கடிக்காதீர்கள்" என்றாள்.
கடிக்கவில்லையே.
"கடிக்கிறீர்கள். இங்கே தெரிகிறது. தாடையை விடுங்கள்."
விட்டேன் என்றுதான் நினைத்தேன்.
மழை நிற்கவில்லை.

பரவாயில்லை, பிறகு துடைத்துவிடலாம் என்றாள்.
பல் கடித்தால் இரைச்சல்.
கண் சிமிட்டினால் இரைச்சல்.
கண் கலங்கினாலும்தான், இமை அசைவதால்.
எல்லாவற்றையும் மென்பொருள் கழித்துவிடும்,
மிச்சம்தான் ஆய்வுக்கு.
நல்ல பிள்ளை. மறைக்கத் தெரியவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய வருஷங்களைக் கழித்தால்
மிச்சம் எவ்வளவு வரும் என்று
நான் கேட்கவில்லை.
அவளுக்கும் இது வேலை.

கடைசிக் கட்டம்: ஐந்து நிமிடம்
கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.
நித்திரை மட்டும் கொள்ளக்கூடாது.
விளக்கைத் தணித்தாள்.
கதவைச் சாத்தினாள்.
யாரும் என்னைக் கூப்பிடாத ஓர் அறை

அவள் தோளைத் தொட்டபோது
என் வாயோரம் ஈரம்.
நாற்பதாவது செக்கனிலேயே போய்விட்டீர்கள் என்றாள்.
இந்தப் பகுதி செல்லாது.
திரையில் அது நீண்ட, மெதுவான அலை.
அன்று ஓடிய கோடுகளிலேயே அழகானது.
"இதை வைத்துக்கொள்ளக் கூடாதா?"
அவள் தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு கையெழுத்து. முப்பது டொலர் மளிகைக்கடை அட்டை.
வெளியே, குல்லாவுக்குள் அடங்காத முடி
பசையோடு உறைந்து கம்பியாயிற்று.
இந்த ஊரில் காருக்கும் வயர் பூட்டித்தான் நிறுத்துவோம்,
எஞ்சின் உறையாமல் இருக்க.
அதன் மூக்கிலிருந்து கழற்றிச் சுருட்டினேன்.
ஒரே திருப்பில் பற்றிக்கொண்டது.

போனில் ரோவெனா:
"மூளை இருந்ததா?"
"தெரியாது. நாலு நிமிடம் நித்திரை கொண்டேன்."
"எந்த அறை? நம்பர் அனுப்பு."