ஒன்ன யாருடே கொன்னா

முட்டம் பாறையில் என்னைக் கிடத்தினார்கள்.
அறுநூறு ரூபாய், மதியச் சோறு.
வசனம் இல்லை, மூச்சும் விடக் கூடாது
என்றான் உதவி இயக்குநர்.

உதட்டில் சாம்பல் பூசினார்கள்.
கயிறு அறுத்த என் உள்ளங்கைத் தழும்புகளை
மாவு வைத்து மறைத்தார்கள்.
கதையில் நான் நாகர்கோவில் வக்கீல்.
நெற்றிக் காயம் சர்க்கரைப் பாகில் செய்தது.
எறும்பு வந்தது.
அங்கிருந்தவற்றில் அது ஒன்றுதான்
நான் பொய் என்று கண்டுபிடித்தது.

பதினோரு டேக்.
என்னைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு வரைவார்கள்,
அலை அழிக்கும், மறுபடி வரைவார்கள்.
இன்ஸ்பெக்டர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி,
"இரவு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல" என்பார்.
பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார்.
சாப்பாட்டு நேரத்தில்
என் இடப்பக்கம் காய்ந்துவிடக் கூடாதாம்.
செத்தவன் சாளைக்குழம்பு பிசைந்து தின்னத் தின்ன
ஒரு பையன் வாளியோடு நின்று
தோளில் கடலை ஊற்றிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை இரவு, மூன்றாவது எபிசோடு.
நாலு நொடி வந்தேன்.
பிலோமி டிவியை அணைத்தாள், உடனே போட்டாள்.
அதற்குள் விளம்பரம்.
சிறுவயதில் நாளைக்கு நூறு தடவை
"போ சவமே" என்று என்னை விரட்டிய அம்மை
அன்று ஒன்றும் சொல்லாமல்
என் தட்டில் இன்னொரு மீன் வைத்தாள்.

மறுநாளிலிருந்து ஊருக்கு ஒரே கேள்வி.
"எடே கிளீட்டஸு, ஒன்ன யாருடே கொன்னா?"
குளச்சல் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராமல் கேட்டார்.
பூசை முடிந்து சாமியார் கேட்டார்.
சலூன் டென்சிலுக்கு என் பொண்டாட்டி மேல் சந்தேகம்,
தொடரில் வரும் பொண்டாட்டி.
அவள் அழும்போது மூக்கு சிவக்கவில்லையாம்.
"ஒரு சீன்ல காப்பி கொண்டுவந்து வச்சிட்டுப் போனாம்லா,
அவந்தான்" என்றார் ஏலக்காரர் சிசிலியார்.
"சும்மா எவனாவது காப்பி கொண்டு வருவானா?"

எனக்கு எப்படித் தெரியும்?
செத்த பிறகு நடந்த எதையும்
பிணத்திடம் யாரும் சொல்லவில்லை.
ஏழாவது எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள்.
விளம்பரம் கிடைக்கவில்லை என்று கேள்வி.
என்னைக் கொன்றவன்
இப்போது வேறொரு சேனலில்
நல்ல மாமனாராக இருக்கலாம்.

ஊரே கேட்டு ஓய்ந்த பிறகு
செலின் அக்கா வந்தாள்.
ஆழ்கடலுக்கு எட்டுப் பேராய்ப் போன விசைப்படகு.
அவள் மாப்பிள்ளை ததேயு அதில் ஓட்டி.
வருடம் எட்டாகிறது.
படகின் பலகைகூட ஒதுங்கவில்லை.

கொன்றது யார் என்று அவள் கேட்கவில்லை.
"பாறையில கெடக்கும்போ முதுகு நொந்துதா?"
"கொஞ்சம்" என்றேன்.
"ஒனக்க மேல வெள்ளத்துணி மூடுனாவளே,
அது கனமாட்டு இருந்துதா?"
"நனைஞ்ச துணில்லா. கனம்தான்."
அவள் தலையாட்டினாள்.
விரலால் குட்டையின் விளிம்பைத் தடவினாள்.
"ஒனக்குப் பேரு எழுதுனாவ, நேரம் எழுதுனாவ,
சுத்தி கோடும் போட்டாவ.
அவருக்கு ரேஷன் கார்டுல மட்டும்தான்
பேரு இன்னும் கெடக்கு."

பிறகு நெத்திலி என்ன விலை என்று கேட்டாள்.
நான் வாங்க மாட்டேன் என்றேன்.
காசை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அவளிடம் ஒன்றை நான் சொல்லவில்லை.
ஆறாவது டேக்கில் பெரிய அலை ஒன்று ஏறி
அந்தத் துணியை உருவிக்கொண்டு போனது.
எல்லோரும் கத்தினார்கள், நான் அசையவில்லை,
பிணம் அசையக் கூடாதே.
ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன்.
கலங்கரை விளக்குக்கு நேரே
வெள்ளையாய் ஒன்று
யாரையோ மூடியதுபோல் உப்பி
வெகுநேரம் மிதந்தது.