தரையை விடாத கால்

காசிமேட்டில் சாவு விழுந்தால்
பூக்காரனுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும்.
இரண்டு பாக்ஸ், ஒரு ஹாரன், மூன்று மைக்,
விடியும்வரை வாடகை.

மார்க்கபந்து செத்த ராத்திரி
சட்டி மேளத்துக்கு நடுவே
தேசப்பன் வந்து உட்கார்ந்தான்.
கப்பலில் ஆயில்மேன்.
இஞ்சின் படுத்துக்கொண்டு
மொரீஷியஸில் நாற்பத்தோரு நாள் கிடந்தவன்.
கையில் முறம் அகலத்துக்கு ஒரு வட்டம்,
ஒரு பக்கம் ஆட்டுத்தோல்,
மறுபக்கம் வெறும் காற்று.
"இது பேரு ரவான்" என்றான்.
யாரும் கேட்டிருக்கவில்லை.

கொடுத்தவன் அப்பாவு.
பேர்தான் நம்ம பேர்,
தண்ணி என்றால்கூடத் தெரியாதாம்.
கப்பல்துறை வாசலில் இருவரும்
தோலைத் தட்டித் தட்டியே
பேசி முடித்தார்களாம்.

கடல் பனியில் தோல் தொங்கிப்போயிருந்தது.
சட்டி அடிக்கும் எத்திராசு
வாயைத் திறக்காமல்
பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தினான்.
பறை காய்ச்சுகிற அதே கை, அதே தூரம்.
"அங்கயும் இப்டித்தான் காய்ச்சுவானுங்க."
தேசப்பன் கண்ணைத் துடைத்தான்.
புகையாக இருக்கலாம்.

மூன்று மூன்றாக விழுந்தது அடி.
எத்திராசு கொஞ்சம் விட்டுப் பிடித்தான்,
பிடித்தபிறகு விடவில்லை.
பாட்டுக்குப் பேர் சேகா.
அந்தத் தீவில் கல்யாணத்திலும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான்,
ஓட்டலில் வெள்ளைக்காரனுக்கு
கீபோர்டு வைத்து ஆடிக் காட்டுவதும் அதுதானாம்.
சொற்களைப் பாதி மென்று பாதி விழுங்கினான்.
மறந்த இடத்திலெல்லாம்
மார்க்கபந்துவைப் போட்டான்,
அவன் கிழிந்த வலையை, பீடியை,
திருப்பித் தராத முந்நூறு ரூபாயை.

செத்தவனின் அக்கா கிளியம்மா
அழுகையை நிறுத்தி,
"இன்னாடா அர்த்தம்?"
"பொண்டாட்டி கொழம்புல உப்பு போட மறந்துட்டாளாம்க்கா."
சிரித்துவிட்டாள்.
அப்புறம் முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

பையன்கள் எகிறி எகிறி ஆடினார்கள்.
"எகிறாதீங்கடா, காலு தரைய வுடக் கூடாது."
ஏனாம்?
"மணலு சுடும்."
கொஞ்ச நேரம் கழித்து,
யாரிடமோ சொல்வதுபோல:
"கரும்புக் காட்டுக்குப் புடிச்சாந்தவங்க காலுல
சங்கிலி இருந்துச்சாம்.
அப்பாவு கையாலயே காமிச்சான்.
எது நெஜமோ."
பையன்கள் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தார்கள்.
திரும்ப எகிறினார்கள்.

என் மைக்குக்கு அந்தச் சத்தம் அகப்படவில்லை.
கிட்டே வைத்தால் ஊளை,
தள்ளி வைத்தால் காற்று.
மூன்றையும் அணைத்துவிட்டு
சும்மா கேட்டேன்.

விடிந்தது. பாடை போயிற்று.
தெரு முழுக்க என் ஒயர்.
காலைத் தூக்கி வைத்தால் தடுக்கும்,
எங்கோ ஒரு பின் பிடுங்கிக்கொள்ளும்.
பதினெட்டு வருஷமாக,
சாவு வீட்டிலும் மஞ்சத்தண்ணியிலும்
பாதத்தைத் தேய்த்தேதான் நடக்கிறேன்.
கடைசி ஒயரை முழங்கையில் சுற்றும்போது
இடுப்பு ஒரு பக்கம் போயிற்று,
மூன்று மூன்றாக.
டீக்கடைக்காரன் பார்த்துவிட்டான்.
பார்க்கட்டும்.
வாடகைதான் இன்னும் வரவில்லை.