பன்னிரண்டுக்குச் சற்று முன்

நேற்றைய மழையில் சக்கை நனைந்துவிட்டது.
சிராஜுதீன் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்து
"இது எரியாதும்மா, அழும்" என்றார்.
அழுதபடியேதான் எரிந்தது, விடியும்வரை.

நெல்லிக்குப்பம் ஆலையில்
கரும்பை அரைக்கும் உருளைகளைச் சுற்றவைப்பது
முன்னால் அரைபட்ட கரும்பு.
சர்க்கரை காய்ச்சியது போக மிஞ்சும் மின்சாரத்தை
வெளிக்கம்பியில் சேர்ப்பது என் வேலை.

வட்ட முகப்பில் ஒற்றை முள்.
முன்னே ஓடினால் நமக்கு அவசரம்,
பின்னே போனால் சோம்பல்.
ஊர்க்கம்பியின் நடையும் எங்கள் நடையும் ஒத்து
முள் பன்னிரண்டைத் தொடப்போகும்போது
பிடியைத் திருப்ப வேண்டும்.
பிசகினால் சுழலியின் தண்டே முறியும்
என்று பயிற்சியில் சொன்னபோது
பின்வரிசையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து.
பதினொன்று.
வாயிலில் எவனோ டிராக்டர் ஹாரனை
விடாமல் அழுத்துகிறான்.

திருப்பினேன்.
டப்.
அவ்வளவுதான் சத்தம்.

"போயிடுச்சா?"
"போயிடுச்சு."
"எங்க?"
"யாருக்குத் தெரியும், பாய்?
கலந்தபின் அதற்குப் பெயர் இல்லை."

அவர் உள்ளங்கையை முகர்ந்தார்.
"ரெண்டு மாசத்துக்கு ஆயிரத்து நூறு கட்டினேன்,
அதுல நம்ம சக்கை எவ்வளவோ."
கை இன்னும் இனிப்பாய் மணப்பதாகச் சொல்லி
என் பக்கம் நீட்டினார்.
எனக்குப் புகைதான் மணத்தது.