ஆகக் குட்டையான பல்

வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது என்றால்
இட்லிக்கு என்றுதான் நினைப்பார்கள்.
லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் மட்டும்
அதற்கு இரண்டு அர்த்தம்.
ஒன்று உளுந்துக்கு.
இன்னொன்று மரம் அறுக்கிற சங்கிலிக்கு.
இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்ட்,
முறை வைத்து.

சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவிப் பல் எண்ணுவேன்.
வலத்துப் பல் பதினெட்டு, இடத்துப் பல் பதினெட்டு.
அதில் ஆகக் குட்டையானது எது என்று
விரலால் தடவித் தேடவேண்டும்.
மற்ற முப்பத்தைந்தும்
அதன் உயரத்துக்கு இறங்கி வரவேண்டும்.
வராவிட்டால்
நேராக விட்ட வெட்டு
வாழைக்காய் மாதிரி வளைந்துபோகும்.

முப்பது டிகிரி வைத்துத் திருகாணியை இறுக்கி
கல்லால் தொட்டு எடுக்கவேண்டும்.
தொட்டு, எடுத்து.
ஒரு மூச்சு தங்கினாலும் பல் நீலமாகிவிடும்.
மயில் கழுத்து நீலம், பார்க்க அழகு.
அந்தப் பல் அதோடு சரி.
முதல் மாதம் ஒன்பது பல்லை மயிலாக்கினேன்.
முனிகிருஷ்ணா ஒன்றும் சொல்லவில்லை,
நூற்றைம்பதில் அறுபதைப் பிடித்துக்கொண்டான்.

கல்லில் பட்டதா ஆணியில் பட்டதா என்று
முனை பார்த்தே சொல்வேன்.
இந்த ஊர் மரங்களுக்குள் அத்தனை ஆணி:
ஆண்களுக்கு பி.ஜி.,
ஒரே மாதத்தில் ஆங்கிலம்,
காணாமல்போன நாய், பெயர் ராக்கி.
காகிதம் மழையோடு போய்விடுகிறது.
ஆணியை மரம் மெல்ல விழுங்கி
வைத்திருந்து வைத்திருந்து
என் சங்கிலியைக் கடிக்கிறது.

மூன்றாவது மாடி பத்மஜா மேடம்
ஸ்டேஷனுக்கு எழுதிப்போட்டது உண்மைதான்.
ராத்திரி பதினோரு மணிக்குப்
பல் டாக்டரைப் பக்கத்தில் படுக்கவைத்த மாதிரி இருக்கிறதாம்.
கான்ஸ்டபிள் வந்தார், பார்த்தார்,
வீட்டு அரிவாள்மணையைக் கொண்டுவரலாமா
என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை மழை.
ஹென்னூர் ரோட்டில் ஒரு குல்மொஹர்
லைன் மேல் படுத்துக்கொண்டது.
ஏரியா முழுக்க இருட்டு.
ஒன்பதரைக்கு முனிகிருஷ்ணா, சொட்டச் சொட்ட,
தோளில் ஐந்து சங்கிலி.
காலையிலிருந்து பதினோரு மரம், ஐந்தும் மழுங்கல்.

கரண்ட் இல்லையே என்றேன்.
மரத்தை வெட்டினால் வரும் என்றான்.
மரத்தை எதால் வெட்டுவாய் என்றேன்.
சங்கிலியைக் காட்டினான்.
இதை எதால் தீட்டுவது என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
சும்மா நின்றோம்.

அரம் இருக்கிறது.
நூற்றெண்பது பல், ஒரு மெழுகுவர்த்தி. விடிந்துவிடும்.
நிமிர்ந்து பார்த்தால்
சந்திலேயே ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம்.
இன்வெர்ட்டர்.
எந்த மாடி என்று சொல்லவேண்டியதில்லை.

கிரைண்டர் போடணும் மேடம் என்றேன்.
எந்த கிரைண்டர் என்று கேட்டார்,
என் இடுப்பில் அதைப் பார்த்துக்கொண்டே.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்தார்.
ஃபேனை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார்.
முதல் பொறி பறந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி,
பிறகு பழையபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு
கிட்டத்தில் இவ்வளவுதானா சத்தம் என்றார்.
இரண்டாவது சங்கிலியில்
குட்டைப் பல்லை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்தார்.

நான்காவதில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது.
இருந்த ஒரு விளக்கையும் அணைத்து
ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
ஐந்தாவதில் இடத்துப் பல் பதினெட்டும் முடிந்த இடத்தில்
கல் சுற்றி, சுற்றி, நின்றது.

இது இடப்பக்கம் இழுக்கும் என்றேன்.
இழுக்கட்டும், மரம் கீழேதான் கிடக்கிறது
என்று வாங்கிக்கொண்டு ஓடினான்.

இரண்டு பத்துக்குக் கரண்ட் வந்தது.
அணைக்க மறந்த உளுந்து கிரைண்டர்
அந்தச் சந்து முழுக்க எழும்பும்படி
தானாகவே ஓட ஆரம்பித்தது.
பாயிலிருந்து எழுந்து ஓடினேன்.
மேலே, மூன்றாவது மாடியில்,
ஜன்னலை அறைந்து சாத்துகிற சத்தம்.