எந்த மரைக்கும்

தை நோம்பி கழிந்துவிட்டது.
ரிக் வண்டி கிளம்ப இன்னும் மூன்றே நாள்.

டல்லாஸிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்து கொடுத்த போன்
கண்ணாடி மாதிரி இருந்தது,
கண்ணாடி வேலை மட்டும்தான் செய்தது.
நம்ம சிம்மைப் போட்டால்
ஏற்க இயலாது என்று ஒற்றை வரி.
தவணை இன்னும் பாக்கியாம்,
அந்த ஊர்க் கம்பெனி பிடியை விடவில்லையாம்.

இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மரை சேராத ராடு" என்றார்.
பதினெட்டு வருசமாகப் பாறையைத் துளைக்கிற மனுசன்,
அதற்கு மேல் எதையும் திட்டமாட்டார்.

அன்று பொழுதோட திருச்செங்கோடு போனோம்.
சங்ககிரி ரோட்டுக் கடை, ஏசிக் குளிர்.
ருத்ரேஷ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
கேமராவிலிருந்து ஆரம்பித்தான்.
நிலாவைக்கூட எடுக்கலாமாம்.

"நிலா எல்லா ஊர்லயும் வருமுங்க தம்பி,
டவர் வருமா?"

தீப்பெட்டியைத் திறந்து
சிம்களை மேசையில் கவிழ்த்தேன்.
ஒன்று இவரது.
ஒன்று விதர்பாவில் வாங்கியது, போன கோடையில்.
ஒன்று எதுவென்றே தெரியவில்லை, வளைந்துபோயிருந்தது.
இன்னொன்று சர்க்கார் சிம், ஹெல்பர் பையன் புத்ராமுடையது.
பஸ்தர்க் காட்டுக்குள் அது ஒன்றுதான் எடுக்கும்.
அவன் போன் சேற்றில் விழுந்து செத்துவிட்டதால்
இனி ராத்திரியானால் எங்கள் போனில்தான்
அவன் அம்மாவோடு பேச வேண்டும்.

"தவணைல எடுத்தா நாலாயிரம் கொறையுங்க்கா.
ரெண்டு வருசத்துக்கு ஒரே கம்பெனி சிம்மு, அவ்வளவுதான்."

இந்தக் கிணற்றில் மட்டும்தான் இறைப்பேன் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு
யாராவது வாளி வாங்குவார்களா?

பெட்டியின் முதுகில் எறும்பு எழுத்தில் பேண்டு எண்கள்.
பால் சொசைட்டி அட்டையின் பின்னால்
நான் குறித்துவந்ததோடு ஒத்துப்பார்த்தேன்.
ஒண்ணு, மூணு, அஞ்சு, எட்டு,
நாப்பது, நாப்பத்தொண்ணு.
இருபத்தெட்டு இல்லை.
அடுத்த பெட்டி. அதிலும் இல்லை.
"அது அவ்வளவா வேண்டியதில்லீங்க்கா."
"உங்களுக்கு வேண்டியதில்லை" என்றேன்.

நாலாவது பெட்டியில் இருந்தது.
கறுப்பு, கனம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
பூட்டு கிடையாது என்று
பில்லிலேயே எழுதி வாங்கினேன்.
சிம் தட்டைத் திறக்கிற ஊசியைத் தேடித் தேடி
கடையே குனிந்தது.
தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக்
கழற்றிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு சிம்மாக உள்ளே போக
கோடுகள் எழுந்து நின்றன.
வளைந்தது மட்டும் வாயைத் திறக்கவில்லை.
இவர் சிரித்தது அப்போதுதான்.

ஊக்கு அவரோடு போய்விட்டது,
ரிக் சாவியில் தொங்குகிறதாம்.

இப்போது மாசி.
ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்.
நான் எதையும் பெயர் போட்டு வைப்பதில்லை.
எடுத்ததும் கம்ப்ரஸர் இரைந்தால்
அது அவர்.

நேற்று ராத்திரி, தூக்கம் வராமல்,
கடைசியாக வந்த எண்ணைத் திருப்பி அழைத்தேன்.
இரைச்சல் இல்லை.
ஒரு பொம்பளைக் குரல்.

சித்த நேரம் எனக்கு மூச்சே இல்லை.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு:
"அக்கா, நான் புத்ராம். லீவு.
சிம் எடுத்திட்டு ஊர் வந்தேன்.
அம்மா பேசுது, பேசு."

அந்தம்மா பேசிக்கொண்டே போனார்.
ஒரு சொல் புரியவில்லை, ஒரு சொல் விட்டுப்போகவில்லை,
பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.
நடுவில் நிறுத்தி ஏதோ கேட்டார்.
கேள்விதான், அது மட்டும் தெரிந்தது.

"சாப்பிட்டாச்சுங்க" என்றேன்.